நோயாளி வீடு திரும்பும் முன் வீட்டின் மின்சாரத்தையும் பாருங்கள்

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில் உடன் இருப்பவர்கள் எங்களிடம் பல கேள்விகள் கேட்பார்கள். எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின், தலையணை எத்தனை வைக்கலாம், குளிக்க வைக்கலாமா, அடுத்த பரிசோதனை எப்போது என்றெல்லாம் விசாரித்து, சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விகளில் ஒன்று மட்டும் அநேகமாக எப்போதும் இருப்பதில்லை. நோயாளியின் கட்டிலுக்கு அருகே வைக்கப்போகும் கருவிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து, எப்படி வரப்போகிறது என்பதே அது. நாங்களும் நெடுநாள் அதைக் கேட்டதில்லை. ஒரு குடும்பத்திற்கு நேர்ந்ததைக் கண்ட பின்னரே கேட்கத் தொடங்கினோம்.

அந்தக் குடும்பத்தின் அடையாளங்களை இங்கே தவிர்க்கிறோம். நடந்ததை அவர்கள் அனுமதியுடன் எழுதுகிறோம். நாட்பட்ட நுரையீரல் நோயால் சேர்க்கப்பட்டிருந்த ஒரு மூதாட்டி, ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியுடன் வீடு திரும்பினார். மகன் பின்னலாடை ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்பவர். தாய்க்கென்று ஒதுக்கிய பின் அறையில் ஒரே ஒரு விளக்கும் மின்விசிறியும் மட்டுமே இருந்தன. பிளக் பாயின்ட் இல்லை. அவரே கடைக்குச் சென்று இரட்டை ஒயர் வாங்கி, முன் அறை சுவிட்ச் போர்டிலிருந்து சுவரோரமாக இழுத்து, கட்டிலுக்கு அருகே புதிய பலகை ஒன்றைப் பொருத்திவிட்டார். “ஒயரு இழுக்கறது எனக்கு என்னங்க புதுசா? பத்து வருசமா மோட்டார் வேலைதான பாத்துட்டிருக்கறனுங்க” என்று பின்னர் எங்களிடம் சொன்னார். சொன்னது உண்மைதான். வேலை தெரியாதவர் அல்லர்.

பலகையில் மூன்று துளை பிளக் பாயின்ட்தான் இருந்தது. ஆனால் இழுத்தது இரண்டு கம்பிகள் மட்டுமே. மேலே உள்ள பெரிய துளைக்கு, அதாவது எர்த் துளைக்கு, எதுவும் இணைக்கப்படவில்லை. விளக்கு எரிந்தது, கருவி ஓடியது. குறை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து, இரும்பு உடல் கொண்ட பழைய நின்ற விசிறி ஒன்றை அதே பலகையில் சொருகிக் கட்டிலை ஒட்டி வைத்தார்கள். விசிறியின் உள்ளே காப்பு தேய்ந்த கம்பி அதன் உடலைத் தொட்டிருக்கிறது. விசிறியின் மின்சாரம் இரும்புக் கட்டிலுக்கு வந்து நின்றது. கட்டில் கால்களில் ரப்பர் உறை, மெத்தை உலர்ந்தது, படுத்திருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. காலையில் மாமியாருக்கு உடம்பு துடைத்துவிட வெந்நீரும் துணியுமாக வந்த மருமகள், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று கட்டில் சட்டத்தைப் பிடித்தார். பிடித்த கையை விட முடியவில்லை.

பக்கத்து அறையிலிருந்த பள்ளிச் சிறுவன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததால் அவர் இன்று இருக்கிறார். அந்தச் சிறுவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடமா, வீடா என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

மெயின் பலகையில் எம்.சி.பி. இருந்தும் அது ஏன் விழவில்லை என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தக் கேள்வி பலருக்கும் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதரை அன்று. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், கம்பி சூடாகித் தீப்பிடிக்கும் முன் அது துண்டிக்கும். விளக்குகளுக்கான சுற்றில் வழக்கமாக 6 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், அதன் வழியாக ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 6 ஆம்பியருக்குக் காத்திருக்கும் எம்.சி.பி.க்கு அது ஒரு சிறு விளக்கு எரிவதைப் போன்றதுதான். மனித உடலுக்கோ அது பேரளவு. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகத் தொடங்குகிறது. சில பத்து மில்லி ஆம்பியர் மார்பின் வழியே சிறிது நேரம் ஓடினால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிதுடிக்கத் தொடங்கிவிடும். இரத்தம் வெளியேற்றும் வேலை நின்றுபோகும்.

மனிதரைக் காப்பதற்கென்று உள்ள கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்றும், பொதுவாக ஆர்.சி.டி. என்றும் அதைச் சொல்கிறார்கள். ஃபேஸ் கம்பியில் போகும் மின்சாரமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அந்த அளவு எங்கோ மண்ணுக்குக் கசிகிறது, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாகக் கசிகிறது என்று கொண்டு, ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பகிர்மான விதித்தொகுப்பு வீடுகளிலும் கடைகளிலும் இந்த 30 மில்லி ஆம்பியர் கருவியைப் பொருத்தச் சொல்கிறது. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் கேட்கிறார்கள். பழைய வீடுகளில்தான் இல்லை. நம் பகுதியில் நோயாளிகள் திரும்பிச் செல்லும் வீடுகளில் பல, தறி ஓசைக்கு நடுவே முப்பது நாற்பது ஆண்டுகளாக நிற்கும் பழைய வீடுகள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். வீட்டுச் சொந்தக்காரர் தம் வீட்டில் தாமே மின்வேலை செய்யலாமா? முழுவதும் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. எல்லாம் செய்யலாம் என்றும் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி ஒரு கோடு போட்டது. விளக்கு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுக் கருவிகள் ஆகியவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாத வகையில் மாற்றிப் பொருத்தலாம். அதைத் தவிர, புதிதாகச் சேர்ப்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது ஆகிய எல்லாவற்றையும் அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்யவேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்றவர் நேரில் மேற்பார்வையிட வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அந்தப் பழைய விதிகளின் இடத்தைப் பிடித்தன. 2023இல் அவையும் புதுப்பிக்கப்பட்டன. கோடு மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது.

எளிய சொல்லில் சொன்னால், இருந்த இடத்தில் இருந்ததையே மாற்றுவது உங்கள் கையில். இல்லாத இடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது உரிமம் பெற்றவர் கையில். எரிந்துபோன பல்பை நீங்களே மாற்றலாம். உடைந்த சுவிட்சை, மெயினை அணைத்துவிட்டு, அதே அளவுள்ள வேறொன்றால் மாற்றலாம். ஆனால் பின் அறைக்கு ஒரு புதிய கம்பி இழுப்பது, விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பியில் குளிர்சாதனத்தையோ வெந்நீர்க் கலத்தையோ இணைப்பது, எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரிய அளவுள்ளதை மாற்றிப் போடுவது ஆகியவை கோட்டுக்கு அப்பால் உள்ளவை. இதில் கடைசியாகச் சொன்னதைப் பலர் வெறும் ‘மாற்றுவது’ என்றே நினைக்கிறார்கள். 6 ஆம்பியர் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் வைத்தால் கருவி மாறவில்லை, அமைப்பின் தன்மையே மாறிவிடுகிறது. கம்பி அதே மெல்லிய கம்பிதான். அதைக் காத்தவர் மட்டும் போய்விட்டார்.

பிற நாடுகளிலும் இந்தக் கோடு உண்டு; இடம்தான் மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் வீட்டு மின்வேலைகளில் முக்கியமானவற்றைக் கட்டட விதிகளின் கீழ் உள்ளாட்சிக்குத் தெரிவித்தாக வேண்டும், அல்லது பதிவு பெற்ற பணியாளரைக் கொண்டு செய்யவேண்டும். நியூசிலாந்தில் வீட்டுக்காரர் தம் வீட்டில் சில கம்பிவேலைகளைச் செய்துகொள்ளலாம். ஆனால் தகுதி பெற்றவர் வந்து சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கலாம். அடுத்துள்ள ஆஸ்திரேலியாவில் அந்த இடமும் இல்லை. எங்கும் ‘செய்பவருக்கு வேலை தெரியுமா’ என்பதை மட்டும் கேட்டு விட்டுவிடவில்லை. ‘செய்ததை இன்னொருவர் அளந்து பார்த்தாரா’ என்றும் கேட்கிறார்கள். நாம் மேலே சொன்ன மகனின் வேலையில் விடுபட்டது திறமை அன்று, அந்த இரண்டாவது கண்தான்.

தமிழ்நாட்டில் ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர் எனத் தனித்தனியே உரிமமும் தகுதிச் சான்றும் உண்டு. இவற்றை வழங்குவது சென்னையில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்துகிறார்கள். பல ஆண்டுகள் வேலை செய்து பழகியவர் அதை எழுதிச் சான்று பெறலாம். எனவே “எனக்குத் தெரிந்த பையன் நன்றாகச் செய்வான்” என்று சொல்பவர்களிடம் நாங்கள் சொல்வது, அந்தப் பையனைத் தேர்வெழுதச் சொல்லுங்கள் என்பதே. மின்கம்பத்தில் ஏறும் வாரிய ஊழியர் ஒருவர் ஓய்வு நேரத்தில் வீட்டுக்கு வந்து செய்துகொடுப்பதும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது. வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரரிடம் கையொப்பமிட்ட நிறைவு அறிக்கையைக் கேளுங்கள். மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட்டில் அளந்த காப்புத்தடை 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறது என்பதும், எர்த் இணைப்பின் அளவும் அதில் இருக்கவேண்டும். பத்து நிமிட வேலைதான்; கேட்காவிட்டால் யாரும் செய்வதில்லை.

மீட்டர் வரை வரும் கம்பி, மீட்டர், அதன் முத்திரை ஆகியவை மின்வாரியத்தினுடையவை. அங்கே உரிமம் பெற்ற தனியாரும் கை வைக்கக் கூடாது. கம்பத்தில் ஃப்யூஸ் போய்விட்டதென்று நீண்ட கழியால் தட்டிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் புகாரைப் பதிந்துகொள்கிறார்கள். நோயாளிக்கென்று புதிய கருவிகள் பல வருகின்றன என்றால், வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று பார்த்து, போதாவிட்டால் உயர்த்தித் தருமாறு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டின் முன்பகுதியில் ஓவர்லாக் இயந்திரமும் பவர் டேபிளும் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பல. வீட்டு இணைப்பிலேயே அவற்றை ஓட்டினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு எனக் கணக்கிடப்படும் என்பது ஒருபுறம். அந்த இயந்திரங்களிலிருந்து பறக்கும் பஞ்சுத்தூசி சுவிட்ச் போர்டுக்குள் புகுந்து படிவதும், தளர்ந்த இணைப்பில் எழும் சிறு பொறி அதில் பற்றுவதும் மறுபுறம். அதே கூரையின் கீழ் ஆக்சிஜன் கருவியுடன் ஒருவர் படுத்திருந்தால், இரண்டாவதே எங்களுக்குப் பெரிய கவலை.

ஆக்சிஜன் தானே எரிவதில்லை. ஆனால் மற்றவற்றை வெகு வேகமாக எரியச் செய்யும். மூக்குக் குழாயிலிருந்து கசியும் ஆக்சிஜன் போர்வையிலும் தலையணையிலும் தேங்கி நிற்கும். கருவியை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும். ஆகவே அந்த அறையில் பீடி, சிகரெட் மட்டுமல்ல, சாமி விளக்கும் ஊதுவத்தியும் கொசுவத்திச் சுருளும் வேண்டாம். பொறி தெறிக்கும் தளர்ந்த பிளக்கும் அந்த வரிசையில் வருவதுதான். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வகைக் கருவி பெரும்பாலும் 300 முதல் 400 வாட் வரை எடுக்கும், இராப்பகலாக ஓடும். அதைச் சுவரிலுள்ள பிளக் பாயின்டில் நேரடியாகச் சொருகவேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, அதே பெட்டியில் நெபுலைசர், காற்று மெத்தையின் பம்ப், கைப்பேசி சார்ஜர் என அடுக்குவது கூடாது. கம்பியைக் கட்டிலுக்கு அடியிலோ பாய்க்கு அடியிலோ ஓட்டினால் அதன் சூடு வெளியேறாது. கட்டில் கால் ஏறினால் காப்பும் நசுங்கும்.

உங்கள் ஒப்பந்ததாரரிடம் மறவாமல் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. வைத்தால், துணி துவைக்கும் இயந்திரத்தில் சிறு கசிவு ஏற்பட்டாலும் ஆக்சிஜன் கருவியும் சேர்ந்து நின்றுவிடும். நள்ளிரவில் அது நிற்பது சிலருக்கு உயிர்ப்பிரச்சினை. நோயாளி அறைக்கென்று தனிச் சுற்று இழுத்து, அதற்குத் தனியாக ஒரு கசிவுக் காப்புக் கருவி வைத்தால் இந்தச் சங்கடம் இல்லை. அந்தக் கருவியில் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள், உடனே விழவேண்டும். விழாவிட்டால் கருவி பழுது. அழுத்தும் முன் நோயாளியைச் சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.சி.பி. போட்ட பின் அடிக்கடி விழுகிறது, ஆகவே எடுத்துவிட்டோம் என்று சிலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கடி விழுந்தால் வீட்டில் எங்கோ உண்மையிலேயே மின்சாரம் கசிகிறது என்று பொருள். காய்ச்சல் காட்டும் தெர்மாமீட்டரை உடைத்துப் போட்டுவிட்டு நோய் தீர்ந்தது என்பதைப் போன்றது அது. அதே நேரத்தில், இந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலுமாக ஒருவர் பிடித்தால், போவதும் வருவதும் சமமாகவே இருக்கும், அது விழாது. கருவி இருக்கிறது என்ற துணிவில் மெயினை அணைக்காமல் வேலை செய்யக் கூடாது.

மெயினை அணைத்துவிட்டாலே போதும் என்பதும் எப்போதும் சரியன்று. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் உயிர்பெற்று, அதனோடு இணைந்த விளக்கு, விசிறிக் கம்பிகளில் அதே 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கும். சுவிட்சை மாற்றவோ விசிறியைக் கழற்றவோ ஏறும் முன் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். சில பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். டெஸ்டரைப் பயன்படுத்துபவர்கள் முதலில் மின்சாரம் இருப்பது நிச்சயமான இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழுதான டெஸ்டர் எல்லா இடத்திலும் ‘இல்லை’ என்றே சொல்லும்.

எர்த் கம்பி இல்லாத வீடுகளில், பிளக் பாயின்டின் எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் குறுக்குவழி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. செய்பவர்கள் அதை ஒரு சாமர்த்தியம் என்றே கருதுகிறார்கள். நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், அந்த நொடியில் அந்தப் பலகையில் சொருகியுள்ள ஒவ்வொரு கருவியின் உலோக உடலும் ஃபேஸாக மாறிவிடும். எர்த் இல்லாமல் இருப்பதைவிடக் கொடியது இது. முறையாக எர்த் குழி தோண்டி வைத்தவர்களும் வைத்ததோடு மறந்துவிடுகிறார்கள். மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது மின்சாரத்தை வாங்கும். பொங்கலூர், கொடுவாய், காங்கேயம் பக்கத்துக் காடுகள் சித்திரை வைகாசியில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் வாரம் ஓரிரு முறை எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் விடுங்கள்.

துணி காயப்போடும் கொடிக்கம்பியையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். படுத்த படுக்கையாக உள்ளவரின் வீட்டில் தினமும் துவைக்கும் துணி அதிகம். கொடி புதிதாகக் கட்டுவார்கள். இரும்புக் கம்பியை மின்வாரிய ஒயர் தாங்கி நிற்கும் இரும்புக் குழாயிலோ, தகரக் கூரையின் சட்டத்திலோ கட்டாதீர்கள். ஒயரின் காப்பு வெயிலில் வெடித்து அந்தக் குழாயைத் தொட்டால், ஈரத்துணியுடன் கை நீட்டுபவரே முதலில் அகப்படுவார். நைலான் கயிறு போதும்.

இத்தனைக்கும் பிறகும் ஒருவருக்கு மின்சாரம் தாக்கிவிட்டால், ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். உடனே அணைக்க முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விலக்குங்கள். தெருவில் அறுந்து கிடக்கும் உயர் அழுத்தக் கம்பிக்கு இது பொருந்தாது. அதன் அருகே போகவே கூடாது. பிறகு 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். அழைத்தும் தட்டியும் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கிறார் என்றால், காத்திருக்க வேண்டாம். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். வாயோடு வாய் மூச்சுக் கொடுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அழுத்துவதை நிறுத்தாதீர்கள். மின்தாக்கத்தில் நின்ற இதயம் பெரும்பாலும் நோயுற்ற இதயம் அன்று. அது திரும்ப ஓடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அழுத்தம் தொடரவேண்டும் என்பது மட்டுமே அது கேட்பது.

எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்பவரையும் அழைத்து வாருங்கள். ஓர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்போம். அது சீராக இருந்து, மயக்கமும் நெஞ்சுவலியும் இல்லாத நலமான ஒருவரை நாங்கள் நீண்ட நேரம் நிறுத்திவைப்பதில்லை. இதய நோயாளிகள், கருவுற்ற பெண்கள், நினைவிழந்தவர்கள் ஆகியோரைக் கண்காணிக்கவேண்டும். தோலில் மிளகளவு கருகல் மட்டும் இருந்தாலும், மின்சாரம் நுழைந்த இடத்துக்கும் வெளியேறிய இடத்துக்கும் நடுவே தசை ஆழமாக வெந்திருக்கலாம். சிறுநீர் தேயிலை நிறத்தில் போனால் அதன் அறிகுறி. தசைகள் திடீரென இறுகியதில் தோள்மூட்டே விலகியவர்களும் உண்டு. ஒயரைக் கடித்த குழந்தையின் உதட்டுப் புண் ஆறுவதுபோல் இருந்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பொருக்கு உதிரும்போது இரத்தம் பீறிடக்கூடும். வீட்டிலுள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தீக்காயத்தில் பற்பசையும் மையும் தடவாதீர்கள். மின்சாரத்திலிருந்து முற்றிலும் விலக்கிய பின் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும்.

உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள் என்பதையும் வேண்டுகிறோம். மின்தாக்கத்தை மருத்துவமனையில் மருத்துவச் சட்டப் பதிவாக எழுதுவது வழக்கம். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்று அஞ்சி, “குளியலறையில் மயங்கி விழுந்தார்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் நாங்கள் பக்கவாதத்தையும் சர்க்கரைக் குறைவையும் தேடிக்கொண்டிருப்போம். தேடவேண்டிய இடம் வேறாக இருக்கும். தாமே செய்த வேலையால் தம் வீட்டாருக்கே நேர்ந்ததென்ற குற்றவுணர்வும் வாயை அடைக்கிறது. அந்த மகனும் முதலில் வாய் திறக்கவில்லை. சிறுவன்தான் சொன்னான்.

மருமகள் ஒரு நாள் கண்காணிப்புக்குப் பின் நலமாக வீடு திரும்பினார். உள்ளங்கையில் சிறு வடு மட்டும் இருக்கிறது. மூதாட்டியின் அறைக்கு இப்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூன்று கம்பிகளுடன் தனிச் சுற்று இழுத்திருக்கிறார். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளை நாளிதழில் பார்த்து, முதல் நாளே சிலிண்டர் நிரப்பி வைக்கிறார்கள்.

வீடு திரும்புவோருக்கு நாங்கள் தரும் படிவத்தில் இப்போது ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. நோயாளி படுக்கப்போகும் அறையில் எத்தனை பிளக் பாயின்ட், அவற்றில் எர்த் உண்டா, மெயின் பலகையில் ‘டி’ பொத்தான் கொண்ட கருவி உண்டா, இன்வெர்ட்டர் எதற்கெல்லாம் இணைந்திருக்கிறது என்று அதில் கேட்டிருக்கிறோம். விடை தெரியாவிட்டால் அறையையும் மெயின் பலகையையும் கைப்பேசியில் படம் எடுத்து, வீடு திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே செவிலியர் மேசையில் காட்டுங்கள். எங்கள் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர் சான்று பெற்ற ஒருவர் காலை வேளையில் இருப்பார், பார்த்துச் சொல்வார். இதற்குக் கட்டணம் இல்லை.